எத்தாளைக்கு வந்த முதல் ரயில்

1

சென்ற வாரம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் இருக்கும் வட இங்கிலாந்து ஊரில், சின்ன நீராவி ரயில்களைச் செய்து ஓட்டும் கிழவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதில் உள்ள ஒரே கறுத்த கிழவன் நான். என் எஞ்சினின் கொதிகலனுக்குத் தந்த சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். எஞ்சினை உடனே கொண்டுவந்து மறுசோதனைக்குக் காட்ட வேண்டுமாம்.

செயலாளருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். எஞ்சின் இங்கே இல்லை, இலங்கையில், புத்தளத்துக்கு அப்பால், எத்தாளை என்ற ஊரில், என் அக்கா வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றேன். அவருடைய படிவத்தில் கோழிக்கூட்டுக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். பிறகு, "அங்கே அதற்கு எப்படிப்பட்ட தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. "அது பெரிய கதை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காத அந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். நம்மவர்களுக்கு இது பாதி சொன்னாலே விளங்கிவிடும்.

2

எஞ்சினைப் பக்கத்து ஊரில் ஒரு விதவையிடம் வாங்கினேன். கணவர் அதைப் பழுதுபார்க்கவென்று கழற்றிப் போட்டவர், பூட்டுவதற்கு முன் இறந்துபோனார். சக்கரங்கள் ஒரு பெட்டியில், கொதிகலன் கட்டிலுக்கடியில், நட்டும் போல்ட்டும் ஜாம் போத்தல்களில். என் மனைவி ஜெஸீமா எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்த மனுசன் கழட்டி மவுத்தானார். நீங்க பூட்டி மவுத்தாகப் போறீங்களா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இது விளையாட்டுச் சாமான் அல்ல. நிஜக் கரி, நிஜத் தண்ணீர், நிஜ நீராவி. அளவு மட்டும்தான் சிறியது, ஒரு நல்ல கிடாயின் நீளம் வரும். தூக்க இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டும். பின்னால் ஒரு தட்டு வண்டியைப் பூட்டி, அதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அப்படி உட்கார்ந்தவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் மரியாதை போய்விடும். ஆனால் நாலைந்து பேரை இழுக்கும்.

என்னத்துக்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். எங்கள் எத்தாளைப் பக்கத்துக்கு ரயில் வந்ததில்லை. முந்தலுக்கு வரும், பாலாவிக்கு வரும், புத்தளத்துக்கு வரும். கற்பிட்டிப் பக்கம் திரும்பியும் பார்க்காது. வரும் வரும் என்று சொல்லி எத்தனையோ பேர் எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கிலாந்தில் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு, இனி யாரையும் நம்பிப் பயனில்லை, நாமே கொண்டுபோய் விடுவோம் என்று தோன்றியது. புத்தி உள்ளவனுக்குத் தோன்றுகிற யோசனை அல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கராஜிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. டீசலில் ஊறவைத்து, தட்டி, கெஞ்சி, திட்டி, ஒருவாறு அசைத்தேன். கொதிகலன் செம்பு. ஒரு மூட்டில் ஈரம் கசிந்தது. அதை வெள்ளிப் பற்று வைத்து அடைத்து, பச்சைத் தண்ணீரை நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். கசிவு இடம் மாறியது. மறுபடி பற்று வைத்தேன். அது இன்னொரு இடத்துக்குப் போனது. எங்களுக்குள் ஒரு மாதம் இப்படியே போயிற்று.

பெரிய பிரச்சினை என் விரல்கள். பஸ் ஸ்டியரிங் பிடித்த விரல்களுக்கு அரிசி அளவு நட்டு அகப்படுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தரையில் குப்புறப் படுத்து, விழுந்த நட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது என் மகள் ஸஹ்ரா உள்ளே வந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. வேறு நகரத்தில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவாள், உம்மா ஆக்கிவைத்த கறிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவாள். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவள் குனிந்து, நட்டை எடுத்து, ஒரே முறையில் பூட்டிவிட்டு, "அடுத்தது?" என்றாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள், கூப்பிடாமலே. அதற்கடுத்த ஞாயிறும். நாங்கள் கதைத்ததெல்லாம் வால்வைப் பற்றியும் வாஷரைப் பற்றியும்தான். கல்யாணம் எப்போது, ஊருக்கு ஏன் வருவதில்லை என்று வாயைத் திறந்தால் மறு ஞாயிறு வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே நாக்கைக் கடித்துக்கொண்டு துருவைச் சுரண்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

எஞ்சினை ஊருக்கு அனுப்பப்போகிறேன் என்றதும், "நானும் வாறேன், வாப்பா. சேஃப்டி வால்வை நீங்க சரியா செட் பண்ண மாட்டீங்க" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னாள். வந்தது எஞ்சினுக்காக. எனக்கு அதுவே போதும்.

3

கொழும்பில் சுங்கத்துக்கு இது என்னவென்று தெரியவில்லை. விளையாட்டுச் சாமான் என்றேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார் அதிகாரி. பிள்ளை நான்தான் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

இன்னொருவர் வந்து, ரயில் எஞ்சின் என்றால் அதை நாட்டுக்குள் கொண்டுவர ரயில்வேக்குத்தான் உரிமை என்றார். மூன்றாமவர் கொதிகலனைத் தட்டிப் பார்த்து, இது தொழிற்சாலைச் சாமான், அதற்கு வேறு கந்தோர், வேறு அதிகாரிகள் என்றார். சக்கரம் இருப்பதால் வாகனம், இலக்கத் தகடு எங்கே என்று ஒருவர் கேட்டார். யுத்தம் முடிந்திருந்தாலும், செம்பால் செய்த உருளையான சாமான் ஒன்றைப் பெட்டிக்குள் கண்டால் சிலருக்கு இன்னும் குண்டு நினைவுதான் வருகிறது. இரண்டு சிப்பாய்கள் வந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. நான் விளக்க விளக்க அது இன்னும் பயங்கரமான சாமானாக மாறிக்கொண்டு போனது.

கடைசியில் ஸஹ்ராதான், "கேத்தல்" என்றாள். சிங்களத்திலும் தமிழிலும் அவளுக்குச் சரளமாக வரும் ஒரே சொல் அது. உள்ளே தண்ணீர், கீழே நெருப்பு, மேலே ஆவி என்று கையால் காட்டினாள். மூத்த அதிகாரி எஞ்சினைச் சுற்றி வந்தார். எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். "பாவித்த வீட்டுப் பாவனைப் பொருள், பெரிய கேத்தல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு லொறியில் கேத்தலை ஏற்றிக்கொண்டு சிலாபம், முந்தல் வழியாக ஊர் வந்து சேர்ந்தோம்.

4

ராத்தாவை, அதாவது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவள். பிள்ளைகள் இல்லை. தென்னந்தோட்டத்தையும், தேங்காய் பறிக்க வருபவர்களையும், மச்சானையும் ஒரே குரலில் அதட்டி நடத்துகிறவள். மச்சான் ஹனீபாவுக்கு இரண்டு வள்ளம் இருக்கிறது. தன் கையாலேயே வள்ள எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவார். நீராவியை அவர் மதிக்கவில்லை.

"மச்சான், நெருப்பு மூட்டி, தண்ணி கொதிக்குமட்டும் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்குள்ள நான் கடலுக்கு போய் மீனோட வந்துடுவேன்" என்றார்.

ராத்தா பல வருடங்களுக்கு முன் மச்சானோடு ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள். வந்ததிலிருந்து தன் மவுத்துக்கான ஏற்பாடுகளைக் கல்யாண ஏற்பாடு போலச் செய்து வைத்திருக்கிறாள். அலுமாரியின் கீழ்த்தட்டில் உடலைச் சுற்றக் கபன் துணி, கற்பூரம், அத்தர், அவற்றோடு ஒரு வெள்ளைக் கேனில் ஸம்ஸம் தண்ணீர். மக்காவின் புனிதக் கிணற்றிலிருந்து அவள் கையால் தூக்கி வந்தது. கடைசி மூச்சில் நாவில் விடுவதற்கு. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அலுமாரியைத் திறந்து காட்டுவாள். இந்த முறையும், ஸஹ்ரா பயணக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தபோது, காட்டினாள்.

"தண்ணி இரிக்கி. அத நாவுல விடுறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றாள். "ஒன்ட மச்சான் அந்த நேரத்தில கேன எங்க வெச்சதுன்னு தேடிக்கிட்டு நிப்பார். நீ கடலுக்கு அங்கால. புள்ள குட்டி எனக்கு இல்ல. யாரு விடுற?"

அலுமாரியை மூடினேன்.

தண்டவாளத்தை மச்சானின் பட்டறையில் இரும்புப் பட்டைகளை வெட்டிச் செய்தோம். குசினிப் பின்கதவிலிருந்து தென்னை மரங்களுக்கிடையே கிணற்றடி வரை ஒரே நேர் பாதை. மணலில் தென்னங்கட்டைகளைப் புதைத்து அதன்மேல் பதித்தோம். இரண்டாம் நாளே வதந்தி பரவிவிட்டது. காணி அளக்கிறார்கள், ரயில்பாதை வருகிறது, வெள்ளைக்காரக் கம்பெனி, ஹோட்டல் கட்டப்போகிறார்கள். பாதை தன் காணிக்குள்ளால் போகுமா என்று ஒருவர் பயந்துபோய்க் கேட்டார். போகாதா என்று இன்னொருவர் ஏமாந்துபோய்க் கேட்டார். கனமூலையிலிருந்து தூரத்து உறவினர் ஒருவர் வந்து, ரயில் கேற் காப்பாளர் வேலைக்குத் தன் மருமகனை நினைவில் வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, ராத்தா போட்ட தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

கரிக்கு ஒரு சிக்கல். பக்கத்தில் நுரைச்சோலையில் மின்சாரத்துக்கென்று கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது. எனக்கு ஒரு வாளி வேண்டும் என்று மின்நிலைய வாசலில் போய்க் கேட்டேன். எதற்கு என்று காவலாளி கேட்டார். ரயிலுக்கு என்றேன். அவர் என்னை மரியாதையாக நிழலில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் யாருக்காவது ஃபோன் பண்ணட்டுமா என்று கேட்டார். திரும்பி வந்து ராத்தாவின் சிரட்டைக் கரியில் எரித்தோம். நன்றாகவே எரிந்தது.

தண்ணீர்தான் பெரிய சிக்கல். இங்கே இங்கிலாந்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் மென்மையானது. கேத்தலின் உட்புறம் வாங்கிய நாள் போலவே மினுங்கும். எத்தாளைக் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலுக்குள்ளே சுண்ணாம்பு தடித்துப் பவளப்பாறை போல ஆகிவிடும். அதைக் கொதிகலனுக்கு ஊற்றினால் நானும் ஸஹ்ராவும் செய்த வேலையெல்லாம் பாழ். ஆகவே கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடித்து, வெள்ளைக் கேன் ஒன்றில் நிரப்பி, பின்கதவடியில் வைத்தேன்.

5

எஞ்சின் ஓடிய நாள் நல்ல வெயில். அதுதான் வினை. வருடத்துக்கு ஒருமுறை கபன் துணியைப் பூச்சி அரிக்காமல் வெயிலில் காயப்போடுவது ராத்தாவின் வழக்கம். அன்று காலை துணியைக் கொடியில் விரித்து, அலுமாரித் தட்டைத் துடைப்பதற்காக மற்றச் சாமான்களையும் பின்கதவடியில் நிழலில் இறக்கி வைத்திருக்கிறாள். நான் கிணற்றடியில் கரியோடு போராடிக்கொண்டிருந்தேன், எதையும் காணவில்லை.

"ஸஹ்ரா, பின்கதவடியில இரிக்கிற வெள்ளைக் கேன எடுத்துட்டு வா!" என்று கத்தினேன்.

அங்கே இரண்டு வெள்ளைக் கேன்கள். ஒன்றில் மழைத் தண்ணீர், கூரைத் தூசியோடு. மற்றது கண்ணாடி போலத் தெளிவாக இருந்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை, தெளிவானதை எடுத்து வந்தாள். கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை எஞ்சின் துடைக்க எடுக்காமல் விட்டாளே, அதுவரைக்கும் அல்ஹம்துலில்லாஹ்.

எஞ்சின் எழும்பியது. அப்படியொரு ஓட்டத்தை இங்கிலாந்திலும் நான் கண்டதில்லை. ஸஹ்ரா விசிலை இழுத்தாள், கோழிகள் வேலியைத் தாண்டின. வேலிக்கு அப்பால் ஊரே நின்றது. மச்சான் ஏறினார், இறங்கினார், ஒன்றும் பேசாமல் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார்.

பிறகு ராத்தா வந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, "பிஸ்மில்லாஹ்" சொல்லி, பக்கவாட்டில் கால் வைத்து உட்கார்ந்தாள். ஸஹ்ரா ஓட்டினாள். கிணற்றடி போய், அங்கிருந்து பின்னோக்கி குசினி வந்து, மறுபடி கிணற்றடி. ராத்தா சிறுபிள்ளை போலச் சிரித்தாள். "மெதுவா விடு புள்ள! இல்ல, இன்னும் கொஞ்சம் வேகமா விடு!" என்று ஸஹ்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மாமியும் மருமகளும், ராத்தாவும் ஸஹ்ராவும், சேர்ந்து சிரித்ததை அன்றுதான் கண்டேன். கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

6

அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா துணியை மடித்து, சாமான்களை அலுமாரியில் வைக்கப் போனாள். கேனைத் தூக்கினாள். பாரமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியது இலேசாக மேலே வந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். நேரே எஞ்சினிடம் வந்தாள்.

"இதுக்கு என்ன தண்ணி ஊத்தின?"

"அந்த வெள்ளைக் கேன், மாமி" என்றாள் ஸஹ்ரா. அடுத்து ராத்தாவின் கையில் இருந்த கேனைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

மச்சான் ஓடிவந்து, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைத் தட்டினார். "இன்னும் பாதி இரிக்கி! நெருப்ப இழுங்க! நெருப்ப இழுங்க!"

கரியை வெளியே இழுத்துப் போட்டோம். ஆனால் ஆவி சேஃப்டி வால்வால் போய்க்கொண்டேயிருந்தது. ஸஹ்ரா அதை அவ்வளவு நன்றாக செட் பண்ணியிருந்தாள். ஆவியைப் பிடிக்கலாமே, பிட்டுப் பானை மூடியில் தண்ணீர் சேர்வதில்லையா என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். மச்சான் குசினிக்குள் பாய்ந்து மூடியோடு வந்து, எஞ்சினுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். கை சுட்டதுதான் மிச்சம். மூடியில் சேர்ந்தது கரியும் எண்ணெயும் கலந்த நாலு சொட்டு.

எஞ்சின் ஆறும்வரை எல்லோரும், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல, அதைச் சுற்றிக் குந்தியிருந்தோம். ஆறியதும் அடியில் உள்ள குழாயைத் திறந்து, மிச்சத்தை ஒரு போத்தலில் பிடித்தோம். பச்சையும் பழுப்புமாக ஏதோ வந்தது. மௌலவியைக் கூப்பிட ஆள் போனது.

மௌலவி நிதானமானவர். நடந்ததை முழுதாகக் கேட்டார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆவியாகிப் போனதற்கு யார் மீதும் குற்றமில்லை, எண்ணம், நிய்யத், கெட்டதல்ல என்றார். "இத வடிகட்டி வெச்சா, கடைசி நேரத்தில நாவுல விடலாமா?" என்று மச்சான் கேட்டார்.

மௌலவி ஒருமுறை மோந்து பார்த்தார். "ஹாஜியார், இத நாவுல விட்டா, அதுதான் கடைசி நேரமாகும்" என்றார். கால்படாத இடத்தில் மரத்தடியில் ஊற்றிவிடச் சொன்னார்.

ராத்தா தானே கொண்டுபோய் ஒரு தென்னங்கன்றுக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், வேலையாட்களைக்கூட அதட்டவில்லை. அவள் அதட்டாத வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஸஹ்ரா அறைக்குள் இருந்து அழுதாள். பயணத்தை முற்படுத்தலாமா என்று விமானக் கம்பெனிக்கு அடித்துக் கேட்டாள். எத்தாளைக்கு ரயில் கொண்டுவந்தேன். அது என் மகளை ஏற்றிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடும் போலிருந்தது.

7

புறப்படும் நாள் வான் வண்டி வந்து நின்றது. ராத்தா ஒரு தூக்குப் பாத்திரத்தில் வட்டிலப்பத்தோடு வெளியே வந்தாள். அதை என்னிடம் தரவில்லை, ஸஹ்ராவின் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை விடவும் இல்லை.

"நீ ஊத்தினது. நீயே போய் கொண்டு வரணும். நீயே ஒன்ட கையால என்ட நாவுல விடணும். அதுவரைக்கும் நான் மவுத்தாக மாட்டேன், சொல்லிட்டேன்."

ஸஹ்ரா தலையாட்டினாள். "ஓம் மாமி" என்றாள், அழுதுகொண்டே.

"அப்ப எனக்கு?" என்று கேட்டார் மச்சான்.

"நீங்க கிணத்துத் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸஹ்ரா மாமிக்கு ஃபோன் பண்ணுகிறாள். என்னோடு கதைப்பதைவிட அதிக நேரம் கதைக்கிறாள். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. தமிழ் நன்றாக வந்துவிட்டது. ஆனால் அவள் கற்றது முழுக்க ராத்தாவின் தமிழ். போன மாதம் என் கராஜுக்குள் வந்து, மிச்சம் கிடந்த நட்டுப் போத்தல்களைப் பார்த்து, "என்னத்துக்கு வாப்பா இந்தக் குப்பைய கட்டிக்கிட்டு மாரடிக்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்கு ஒரு கணம் முதுகு நிமிர்ந்துவிட்டது.

சென்ற மாதம் தாயும் மகளும் மக்காவுக்கு உம்ரா போய் வந்தார்கள். ஸஹ்ரா தன் கையாலேயே ஒரு கேன் ஸம்ஸம் தூக்கி வந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், எங்கள் குசினியில் ஃபோனை மேசையில் வைத்து மாமிக்கு அடித்தாள். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம்.

"மாமி, தண்ணி கொண்டு வந்துட்டேன். அடுத்த மாசம் லீவு போட்டு நானே கொண்டு வாறேன்."

அந்தப் பக்கம் தோட்டத்தில் தேங்காய் உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று ஜெஸீமா ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

"மகள், அது அங்கேயே இரிக்கட்டும்" என்றாள் ராத்தா. "ஒங்கட வீட்டு அலுமாரியில பத்திரமா வை. அது இஞ்ச வந்துட்டா நான் போகணுமே. நீ மட்டும் வா."

ஸஹ்ரா கேனை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜெஸீமாவிடம் மடிக்கணினியை எடுத்துத் தரச் சொல்லி, ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டாள்.